பச்சைப் பென்சிலை எங்கே நிறுத்துவது?

செம்பனைக்காடு | திங்கள், இரவு 9.20

வணக்கம். மலேசியா, கெடா மாநிலத்துப் பாடாங் செராயிலிருந்து எழுதுகிறேன். பேத்தி முதலாம் படிவம். சரித்திரப் பாடத்துக்கு ஒரு வெற்று உலக வரைபடத்தைக் கொடுத்து, முஸ்லிம் உலகம் எதுவோ அதற்கெல்லாம் பச்சை தீட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.

முப்பத்தொரு வருஷம் தோட்டத்தில் கிராணி (எழுத்தர்) வேலை பார்த்தவன் நான். செக்ரோல் என்ற ஆள்கணக்குப் புத்தகம் எழுதியவனுக்குக் கணக்கென்றால் பயமில்லை. ஆனால் இந்தக் கணக்கு இடிக்கிறது. அரபு நாடுகளுக்குத் தீட்டியாச்சு. துருக்கி, ஈரான், பாகிஸ்தான், நம்ம நாடு, இந்தோனேசியா எல்லாம் ஆச்சு. "தாத்தா, இந்தியாவுக்கு?" என்றாள். "அது வேணாம்மா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு உறுத்துகிறது. எங்கள் மளிகைக்கடை பாயின் சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம்தானே?

இன்னொன்று. தினமும் மாலை ஏழரை மணிக்கு எங்கள் லயத்துக்குப் பக்கத்து சூராவை (சின்னத் தொழுகைக்கூடம்) தாண்டித்தான் நடைக்குப் போகிறேன். வாசலில் கிடக்கும் காலணியைப் பார்த்தே உள்ளே யார் என்று சொல்லிவிடுவேன். மஞ்சள் ரப்பர் பூட்ஸ் என்றால் செம்பனைக் குலை வெட்டும் இந்தோனேசிய லொம்போக் தீவுப் பையன்கள். தேய்ந்த ஜப்பான் சிலிப்பர் பங்களா (வங்காளதேச) பையன்களுடையது. பாலிஷ் போட்ட கறுப்பு சப்பாத்து மலாய்க்கார கண்டக்டர், தோட்டத்து மேற்பார்வையாளர். ஓரமாக, சுவரை ஒட்டி நேராக வைத்த தோல் செருப்பு பாயுடையது. இத்தனையும் ஒரே வாசலில். இதில் எந்தச் செருப்புக்குப் பச்சை அடிப்பது?

கடலைமிட்டாய் | திங்கள், இரவு 9.31

அண்ணே, அன்னைக்கு டிவியில "முஸ்லிம் உலகம் கண்டனம்"னு சொன்னாங்க. எங்க அப்பா கோப்பிய கீழ வச்சிட்டு, "அந்த உலகத்துக்கு பாஸ்போர்ட் எங்கடா எடுக்கிறது?"ன்னு கேட்டாரு. இன்னும் யாரும் பதில் சொல்லல லா.

குளிம் டீச்சர் | திங்கள், இரவு 10.05

ஐயா, உங்கள் உறுத்தல் நியாயமானது. பென்சிலை எடுக்கும் முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். முஸ்லிம்கள் எங்கே வாழ்கிறார்கள் என்பது ஒரு கேள்வி. எந்தெந்த அரசாங்கம் தன்னை அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே பென்சிலைக் கொடுத்தால் இடிக்கத்தான் செய்யும்.

ஆள் கணக்கைச் சொல்கிறேன். பியூ ஆய்வு மையம் 2020-க்குச் சொல்லும் எண்ணிக்கை சுமார் 200 கோடி. உலகத்தில் நாலு பேருக்கு ஒருவர். மத்தியக் கிழக்கையும் வட ஆப்பிரிக்காவையும் சேர்த்தாலே அதில் ஐந்தில் ஒரு பங்குதான் தேறும். முன்வரிசையில் நிற்பவை இந்தோனேசியா, பாகிஸ்தான், இந்தியா, வங்காளதேசம். ஒன்றுகூட அரபு நாடில்லை. ஒட்டகமும் பேரீச்ச மரமும் வரைந்து பழகிவிட்டோம். வயலும் மழையும் வரைந்திருக்க வேண்டும்.

அரசாங்கக் கணக்கு இன்னும் வேடிக்கை. இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பில் 57 நாடுகள். 1969 ஆகஸ்டில் ஜெருசலேம் அல் அக்ஸா பள்ளிவாசலில் தீ வைக்கப்பட்டது. அடுத்த மாதமே மொராக்கோவின் ரபாத்தில் தலைவர்கள் கூடினார்கள். அங்கிருந்து பிறந்த அமைப்பு. அதன் முதல் பொதுச் செயலாளர் யார் தெரியுமா? நம் துங்கு அப்துல் ரஹ்மான்தான். பிரதமர் பதவியை விட்டதும் ஜெட்டாவுக்குப் போனார். அந்த ரபாத் கூட்டத்துக்கு இந்தியாவுக்கும் அழைப்பு போனது, தூதுக்குழுவும் போய் இறங்கியது. பாகிஸ்தான் எதிர்த்ததால் உள்ளே உட்கார விடவில்லை. இன்றுவரை இந்தியா உறுப்பினர் இல்லை. 20 கோடி முஸ்லிம்கள் இருக்கும் நாடு வெளியே. கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக உள்ள உகாண்டாவும் கேபனும் உள்ளே. மக்களில் மூன்றில் ஒருவர் முஸ்லிமாக இருக்கும் எத்தியோப்பியாவும் உறுப்பினர் இல்லை.

உங்கள் பேத்தியின் ஆசிரியை எதிர்பார்ப்பது எது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

பழைய மண்டோர் | செவ்வாய், காலை 6.48

என்ன பேச்சு இது. லயத்துல நம்ம ஆளுங்க வீடெல்லாம் பூட்டிக் கெடக்கு, மிச்ச வீட்ல பங்களாவும் இந்தோனும்தான். அவனுங்க எல்லாம் ஒண்ணு, நாமதான் தனி. அவனுங்களுக்கு ஒரு உலகம் இருக்கு, அதுக்கு 57 நாடு இருக்கு. நமக்கு எத்தனை நாடு இருக்கு?

மளிகைக்கடை பாய் | செவ்வாய், மதியம் 2.40

அண்ணன் மண்டோருக்கு ஸலாம். உங்க கடன் நோட்டு இன்னும் என்கிட்டதான் இருக்கு, அதனால கோவிச்சுக்க மாட்டீங்கன்னு நம்பி எழுதுறேன்.

"எல்லாம் ஒண்ணு"ன்னு சொல்றீங்க. என் கடைக்குள்ள வந்து ஒரு நாள் உட்காருங்க. போன மாசம் நண்டு மலிவா வந்துச்சு, ஒரு கூடை எடுத்துப் போட்டேன். மலாய்க்காரவங்க வாங்கினாங்க, லொம்போக் பையன் வாங்கினான். பங்களா பையன் கூடையை எட்டிப் பாத்துட்டு, "பாய், நண்டு நாங்க சாப்பிட மாட்டோம்"னு மீன் பக்கம் போயிட்டான். அவங்க ஹனஃபி மத்ஹபு, அதாவது மார்க்கச் சட்டத்துல ஒரு வழி. மீன் கூடும், நண்டு கூடாது. இங்க மலேசியாவில, இந்தோனேசியாவில, எங்க கீழக்கரை காயல்பட்டணத்துல எல்லாம் ஷாஃபி. கடல்ல பிடிக்கிறதுல அவ்வளவு கட்டுப்பாடு இல்ல. இத்தனைக்கும் தமிழ்நாட்டுக்குள்ளேயே ராவுத்தர்மார் ஹனஃபி. கடற்கரையில ஒரு வழி, உள்நாட்டுல ஒரு வழி. எங்க வாப்பா பொண்ணு பாக்கும்போது மத்ஹபும் விசாரிப்பார்.

தொழுகையிலயும் அப்படித்தான். இமாம் ஃபாத்திஹா ஓதி முடிச்சதும் ஷாஃபிக்காரவங்க "ஆமீன்"னு சத்தமா சொல்லுவோம். பங்களா பையன்கள் வாய்க்குள்ள சொல்லிக்குவாங்க. புதுசா வந்த ஒருத்தன் முதல் நாள் எங்க சத்தத்துல திடுக்கிட்டுத் திரும்பிப் பாத்தான். விடியக்காலை சுபுஹு தொழுகையில நாங்க நின்னு கையேந்தி குனூத் ஓதும்போது அவங்க கையைத் தொங்கவிட்டு சும்மா நிப்பாங்க. யாரும் யாரையும் ஒண்ணும் சொல்றதில்ல. முடிச்சதும் கை கொடுத்துக்குவோம்.

இது ஸுன்னிக்குள்ள மட்டும். ஷியாக்கள் மொத்தத்துல பத்துல ஒருத்தருக்குக் கொஞ்சம் மேல. ஈரான், ஈராக், அஜர்பைஜான், பஹ்ரைன்ல அவங்கதான் அதிகம். ஓமான்ல இபாதின்னு ரெண்டுலயும் சேராத கூட்டம் இருக்கு. இதையெல்லாம் ஒரே பச்சையில அடிச்சா பேத்தி கை வலிக்கும், வேற ஒண்ணும் தெரியாது.

பேச்சையும் பாருங்க. மலாய்ல புவாசா, பங்களாவுல ரோஜா, நம்ம தமிழ்ல நோன்பு. குர்ஆன்ல இருக்கிற அரபுச் சொல்ல அன்னாடப் பேச்சுல இங்க யாரு எடுக்கிறா? புவாசாங்கிறது உபவாசத்துல இருந்து வந்தது, ரோஜா பாரசீகம். பள்ளிவாசல், தொழுகை, பெருநாள்னு எங்க வீட்ல எல்லாமே தமிழ். எங்க பெரியவாப்பா அரபு எழுத்துலதான் தமிழ் எழுதுவார், அர்வி. மலாய்க்காரவங்க ஜாவி மாதிரியே புள்ளி கூட்டிப்போட்ட எழுத்து. எங்ககிட்ட இருந்து போனதும் இருக்கு: மலாய்ல மார்க்கம் படிச்ச ஆளை லெபாய்னு சொல்றாங்களே, அது நம்ம லெப்பை.

அப்புறம் ஹஜ். அங்க போனா ரெண்டு துண்டு வெள்ளைத் துணி, ராஜாவும் நானும் ஒண்ணு. போறதுக்கு? ஆயிரம் முஸ்லிமுக்கு ஒருத்தர்னு 1988-ல இருந்து நாட்டுக்கு நாடு கோட்டா. மலேசியாவுக்கு 31,600. என் பேரு ஹஜ்ஜுக்கு ஆள் அனுப்புற தாபோங் ஹாஜியில கெடக்கு. வரிசை எப்ப நகரும்னு மருமகன் வாராவாரம் போன்ல பாத்துச் சொல்றான், நகரவே மாட்டேங்குது. என் மச்சான் இந்தியா பாஸ்போர்ட், அவனுக்கு வேற வரிசை.

செம்பனைக்காடு | செவ்வாய், மாலை 5.15

பாய், அந்த நண்டில் எனக்கும் ஒரு கிலோ எடுத்து வைத்திருக்கலாம்.

பழைய மண்டோர் | செவ்வாய், மாலை 5.50

கடன் நோட்டை எதுக்கு இங்க இழுக்கிறீங்க பாய். சம்பளம் வந்ததும் கொடுத்திடுவேன். நான் சொன்னது வேலையைப் பத்தி. எம் மவன் குலை வெட்டப் போகமாட்டேங்கிறான், அதுக்கு அவனுங்களைத் திட்டி என்ன பண்றது, அது தெரியுது. இருந்தாலும் வயித்தெரிச்சல்.

நெறியாளர் | செவ்வாய், மாலை 6.02

வேலை, பெர்மிட் விவகாரத்துக்குத் தனி இழை இருக்கு. இங்கே வரைபடம் மட்டும்.

ஜொகூர் பாலம் | செவ்வாய், இரவு 11.37

சிங்கப்பூர்ல வேலை, ஜொகூர்ல வீடு. 2022 பெருநாள் ஞாபகம் இருக்கா? மே 1 ராத்திரி எல்லாரும் "நாளைக்கு ஒரு நாள் நோன்பு இருக்கு"ன்னு நிம்மதியா இருந்தாங்க. டிவியில அரச முத்திரைக் காப்பாளர் வந்து நாளைக்கே ஹரி ராயான்னு அறிவிச்சார். எங்க தாமான்ல மலாய்க்கார அக்கா ரெண்டாங் இறைச்சி இன்னும் ஐஸ்ல கெடக்குன்னு கத்தின கத்து நாலு வீட்டுக்குக் கேட்டுச்சு. விடியவிடிய கெத்துபாட் அரிசிப் பொட்டலம் வெந்துச்சு. நானும் தேங்காய் துருவிக் கொடுத்தேன்.

காலையில பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போனேன். அங்க என் கூட வேலை பாக்கிற மலாய்க்கார நண்பன் நோன்பு! அவங்களுக்கு மே 3தான். நடுவுல ஒரு கிலோமீட்டர் தண்ணி. நிலா ஒண்ணுதான், பிறை முடிவு பண்ற குழு ரெண்டு. அக்கா கொடுத்தனுப்பின ரெண்டாங் டப்பாவை அவன் சாயந்திரம் வரைக்கும் மேசைக்கு அடியில வச்சிருந்தான்.

குளிம் டீச்சர் | புதன், மாலை 4.20

ஜொகூர் பாலம் சொன்னதைப் படித்ததும் இன்னொரு ஜொகூர்க் கதை நினைவுக்கு வந்தது.

முஸ்லிம் உலகம் என்று ஒரே மூச்சில் சொல்லும் பழக்கம் பழங்காலத்திலிருந்து வருவதுபோல் தோன்றும். உம்மா என்ற சொல் பழையதுதான், அது நம்பிக்கையால் சேர்ந்தவர்களைக் குறிப்பது. ஆனால் உலகத்தின் ஒரு துண்டை வெட்டியெடுத்து, அதற்கு ஒரே மனசு இருப்பதுபோல் பேசுவது 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பெருகியது. நீராவிக் கப்பலும் தந்தியும் அச்சுக்கூடமும் வந்துவிட்டன. இஸ்தான்புல் செய்தி பினாங்குக்கு வந்து சேர்ந்தது. அப்போது பெரும்பாலான முஸ்லிம்கள் பிரிட்டிஷ், டச்சு, பிரெஞ்சு, ரஷ்யக் கொடிகளின் கீழ் இருந்தார்கள். துருக்கி சுல்தானைவிட பிரிட்டிஷ் அரசுக்குத்தான் முஸ்லிம் குடிமக்கள் அதிகம். வெள்ளைக்காரனுக்கு அவர்கள் எல்லோரும் ஒன்றாக எழுந்துவிடுவார்களோ என்ற பயம். அவர்களுக்கோ எழுந்தால் என்ன என்ற ஆசை. இரண்டு பக்கமும் சேர்ந்து வளர்த்த சொல் இது.

1914 நவம்பரில் துருக்கி சுல்தான், முஸ்லிம்களின் தலைவரான கலீஃபா என்ற முறையில், ஜிஹாத் (புனிதப் போர்) அறிவித்தார். 1915 பிப்ரவரி 15 அன்று, சீனப் புத்தாண்டு சமயம், சிங்கப்பூரில் இருந்த ஐந்தாம் இலகு காலாட்படையின் இந்திய முஸ்லிம் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். துருக்கியரோடு சண்டை போடத் தங்களை அனுப்பப்போகிறார்கள் என்ற வதந்தி அதற்கு ஒரு காரணம். உண்மையில் அவர்கள் போகவிருந்தது ஹாங்காங். இதுவரை கேட்டால் "பார், முஸ்லிம் உலகம் எழுந்தது" என்று சொல்லத் தோன்றும். கலகத்தை அடக்க வந்தவர்களில் யார் இருந்தார்கள்? ஜொகூர் சுல்தான் இப்ராஹிமின் படை. முஸ்லிம் சுல்தான், பிரிட்டிஷார் பக்கம். 47 சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்தி, ஊரைக் கூட்டிச் சுட்டார்கள்.

கிலாஃபத் என்ற அந்தக் கலீஃபா பதவியை 1924 மார்ச்சில் துருக்கி நாடாளுமன்றமே ஒழித்தது. அதைக் காப்பாற்ற இந்தியாவில் காந்தியும் சேர்ந்து இயக்கம் நடத்தியிருந்தார்கள். காலடியில் இருந்த விரிப்பைத் துருக்கிக்காரர்களே உருவிவிட்டார்கள். 1971-ல் மொழிக்காகவும் வாக்குக்காகவும் கிழக்குப் பாகிஸ்தான் பிரிந்தது. நம் சொந்தக் கதை போதாதா? 1963 முதல் 1966 வரை கொன்ஃப்ரொந்தாசி. நம்மோடு மோதியது இந்தோனேசியா.

இதனால் "அப்படி ஒன்றுமே இல்லை" என்று நான் சொல்லவில்லை. ஒன்றுமில்லாத பொருளுக்கு யாரும் இவ்வளவு தூரம் உயிர் கொடுக்க மாட்டார்கள். எல்லைக்கோடு போட்டுப் பச்சை அடிக்கிற பொருள் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

கப்பல்காரன் | புதன், இரவு 8.55

இருபது வருஷம் கடல்ல இருந்தவன், இப்ப சுங்கை பட்டாணி. டீச்சரம்மா சொன்ன 57 நாட்டுல ரெண்டு தென் அமெரிக்காவுல இருக்கு. சுரினாம், கயானா. பேத்திகிட்ட சொல்லுங்க, அந்தப் பக்கம் யாரும் பாக்கிறதில்ல.

அங்க எப்படிப் போச்சுன்னு கேட்டா தோட்டத்துக்காரவங்களுக்கு நெஞ்சு அடைக்கும். எல்லாம் கூலிக்குப் போனவங்க. கரும்புத் தோட்டம், ஒப்பந்தம், கப்பல். நம்ம பாட்டன் மலாயாவுக்கு வந்த மாதிரியே வட இந்தியாவுல இருந்து கயானாவுக்கும் சுரினாமுக்கும் ஏத்திட்டுப் போனான். டச்சுக்காரன் 1890-ல இருந்து ஜாவாவுல இருந்தும் முப்பதாயிரம் பேருக்கு மேல கொண்டுபோனான். போனவங்கள்ல இந்துவும் இருந்தாங்க, முஸ்லிமும் இருந்தாங்க.

பாராமாரிபோ ஊர் நடுவுல பெரிய பள்ளிவாசலும் யூதக் கோயிலும் பக்கத்துப் பக்கத்துல நிக்குது, நானே பாத்தேன். அதைவிட எனக்குப் பிடிச்ச விஷயம் இது. ஜாவாவுல இருந்து மக்கா மேற்கே. சுரினாம்ல இருந்து கிழக்கே. ஆனா போய் இறங்கின ஜாவாக்காரவங்க ஊர்ல தொழுத மாதிரியே மேற்கே பாத்துத் தொழுதாங்க. 1930-கள்ல சிலபேர் "தப்பு, கிழக்கே திரும்பு"ன்னு சொல்ல, சண்டையாப் போச்சு. மேற்குக்காரர், கிழக்குக்காரர்னு ரெண்டு பள்ளி. பேரன் காலத்துலயும் மேற்கே நிக்கிறவங்க இருக்காங்க. தப்புன்னு தெரியாம இல்ல. தாத்தா நின்ன திசை அது.

கடலைமிட்டாய் | புதன், இரவு 9.10

கப்பல்காரண்ணே, கடைசி வரி படிச்சிட்டு கொஞ்ச நேரம் போனை கீழ வச்சிட்டேன்.

மளிகைக்கடை பாய் | புதன், இரவு 10.30

கிராணி ஐயா, ஒரு யோசனை. தீட்டாதீங்க, புள்ளி வைங்க. ஒரு கோடி ஆளுக்கு ஒரு புள்ளி. எடை போட்ட கை உங்க கை, தப்பாது.

செம்பனைக்காடு | வியாழன், இரவு 11.48

முடிந்தது. சாப்பாட்டு மேசையில் பழைய செக்ரோல் புத்தகத்தை விரித்துக் கணக்கு எழுதிக்கொண்டு, தாத்தாவும் பேத்தியும் புள்ளி வைத்தோம். இந்தோனேசியாவுக்கு 24. ஜாவாத் தீவில் இடமே இல்லை, புள்ளிமேல் புள்ளி. பாகிஸ்தானிலும் அப்படித்தான். இந்தியாவுக்கு 20, ராமநாதபுரம் கரையில் ஒன்றைச் சரியாக வைக்கச் சொன்னேன், பாய் கோபித்துக்கொள்ளக் கூடாது. வங்காளதேசத்துக்கு 15, அந்த நாட்டின் உருவமே மறைந்துவிட்டது. ஈரானுக்கு 8, துருக்கிக்கு 8, எத்தியோப்பியாவுக்கு 4, சீனாவுக்கு 2, ரஷ்யாவுக்கு 1. சவூதிக்கு 3 வைத்ததும் "இவ்வளவுதானா தாத்தா?" என்றாள். மலேசியாவுக்கு 2. கெடாவில் ஒன்று, கிளந்தானில் ஒன்று வைத்தாள்.

சுரினாமில்தான் தகராறு. மொத்த ஜனமே ஒரு கோடி இல்லை, புள்ளி கிடையாது என்றேன். புரூணைக்கும் மாலத்தீவுக்கும் அதே கதி. மாலத்தீவுக் குடிமக்கள் எல்லாரும் முஸ்லிம், புள்ளி மட்டும் இல்லை! அவள் ஒப்பவில்லை. மேற்கே பார்த்துத் தொழுகிற தாத்தாக்களை எப்படி விடுவது என்று கேட்டாள். கடைசியில் பென்சிலை நறுக்கென்று சீவி, கூர்முனையால் ஒருமுறை தொட்டுவிட்டாள். என் கணக்கில் அது தப்பு. விட்டுவிட்டேன்.

செம்பனைக்காடு | அடுத்த புதன், மாலை 6.30

வரைபடம் திரும்பி வந்தது. 20-க்கு 14. "வர்ணம் தீட்டச் சொன்னேன், புள்ளி வைக்கச் சொல்லவில்லை" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள். இந்தியாவைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் கேள்விக்குறி. பேத்திக்கு முகம் சுருங்கிப்போச்சு. பாய் கேட்டார் என்று கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

மளிகைக்கடை பாய் | அடுத்த புதன், இரவு 10.12

கல்லாப்பெட்டிக்கு மேல, நாள்காட்டிக்குப் பக்கத்துல ஒட்டியிருக்கேன். இஷா ராத்தொழுகைக்கு அப்புறம் அந்த நண்டு வாங்காத பையன் டாப்-அப் கார்டுக்கு வந்தான். "என் நாடு எங்க பாய்?"ன்னான், காட்டினேன். விரலால ஒவ்வொரு புள்ளியா எண்ணினான், பதினஞ்சு. ரெண்டாந்தரம் எண்ணினான். அப்புறம் மலேசியாவைத் தேடி ரெண்டு புள்ளியைப் பாத்துட்டு, "அப்ப இந்தத் தோட்டத்துல மட்டும் எப்படி பாய் இத்தனை பேர் இருக்கோம்?"ன்னு சிரிச்சுக்கிட்டே வெளியே போனான். கார்டை வாங்காமலே போயிட்டான், திரும்ப வருவான்.